தூங்கும்போது சூடு, வளரும்போது குளிர்: இங்கிலாந்தில் ஃப்ரீசியா வளர்க்க

வசந்தம் தொடங்கியதும் இங்கே கார்டன் சென்டர்களில் ஃப்ரீசியா கிழங்குப் பொட்டலங்கள் தொங்கத் தொடங்கிவிடும், சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கும். மேலே ஊதா, மஞ்சள், வெள்ளை, சிவப்பு எல்லாம் கலந்து ஒரு படம் போட்டிருப்பார்கள். அந்தப் படத்தைப் பார்த்து வாங்கிக்கொண்டு வந்து, தொட்டியில் ஊன்றி, வெளியே குளிருமே என்று வரவேற்பறை ஜன்னலில் ஹீட்டருக்கு மேலே வைப்பவர்கள் நம்மவர்களில் நிறையப் பேர். செடி முளைக்கும், இலை நீளநீளமாகப் போகும், பிறகு பக்கவாட்டில் சரிந்து விழும், பூ மட்டும் வராது. உடனே "எனக்குக் கைராசி இல்லை" என்று விட்டுவிடுகிறார்கள். ஃப்ரீசியாவுக்குக் கைராசி எதுவும் வேண்டாம். கிழங்கு தூங்கும் காலத்தில் நல்ல சூடு, இலை விட்டு வளரும் காலத்தில் குளிர்ச்சி, இந்த இரண்டையும் இடம் மாற்றாமல் கொடுத்தால் போதும். கீழே சொல்லப்போகிற எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்து வருவதுதான்.

ஏன் இப்படி என்றால், இதன் சொந்த ஊர் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதி. அங்கே மழை குளிர்காலத்தில்தான், கோடையில் மண் காய்ந்து கிடக்கும். அதனால் இந்தச் செடி இலையுதிர் காலத்து முதல் மழைக்கு முளைத்து, குளிர்காலம் முழுவதும் இலை வளர்த்து, குளிர் விலகும் நேரத்தில் பூத்து, கோடை வந்ததும் இலையைக் காயவிட்டு மண்ணுக்கடியில் கிழங்காகப் படுத்துக்கொள்ளும். இன்று கடையில் விற்பவை பெரும்பாலும் கலப்பின ரகங்கள். 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளை, மஞ்சள் காட்டு வகைகளைக் கலக்கத் தொடங்கி, பின்னால் இளஞ்சிவப்பு வகையும் வந்து சேர்ந்ததில்தான் இத்தனை நிறங்கள் கிடைத்தன. நிறம் எவ்வளவு மாறினாலும் அந்தப் பழைய கேப் பழக்கத்தை மட்டும் அது விடவே இல்லை. குளிர் பிடிக்கும் என்றால் உறைபனியும் பிடிக்கும் என்று அர்த்தமில்லை, அதையும் இப்போதே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே போனால் இலை வெந்தது போல் ஆகிவிடும்.

எந்தக் கிழங்கு, எந்த மாதம்

புதிதாக வருபவர்கள் குழம்புவது இங்கேதான். இங்கிலாந்தில் ஃப்ரீசியாவுக்கு இரண்டு தனித்தனி வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, வெளியே தோட்டத்தில் வளர்ப்பது. இதற்காக வசந்தகாலத்தில் விற்கும் கிழங்குகளை விற்பவர்களே முன்கூட்டிச் சூடு காட்டித் தயார் செய்திருப்பார்கள். ஏறக்குறைய 30 டிகிரிச் சூட்டில் பத்துப் பன்னிரண்டு வாரம் வைத்திருந்து அதன் தூக்கத்தைக் கலைத்துவிடுவார்கள். அதாவது கேப் கோடையை ஒரு அறைக்குள் உண்டாக்கிக் கொடுக்கிறார்கள். இந்தக் கிழங்கை ஏப்ரலில் ஊன்றினால் ஆகஸ்ட் வாக்கில் பூ பார்க்கலாம், சில சமயம் அக்டோபர் வரை போகும். பொட்டலத்தில் வெளித்தோட்டத்துக்கு என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கடையில் கேளுங்கள். சூடு காட்டாத கிழங்கை வசந்தத்தில் ஊன்றினால் அது முளைக்காமலே மாதக்கணக்கில் மண்ணில் கிடக்கும், சில சமயம் அப்படியே அழுகிவிடும்.

இரண்டாவது வழி கிரீன்ஹவுஸ். ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரைக்குள் தொட்டியில் ஊன்றி, ஜனவரி முதல் ஏப்ரல் வரைக்குள் பூ எடுப்பது. இதுதான் அந்தச் செடியின் இயல்பான காலம், எனவே பூவும் இதில்தான் திடமாக வரும். வெளியே எல்லாம் சாம்பல் நிறமாகக் கிடக்கிற பிப்ரவரி மாதத்தில், கதவைத் திறந்ததும் அந்த வாசம் முகத்தில் வந்து மோதும். அந்த ஒரு காரணத்துக்காகவே நான் எல்லோருக்கும் இரண்டாவது வழியைத்தான் சொல்வேன். கிரீன்ஹவுஸ் இல்லாவிட்டாலும் ஹீட்டர் போடாத கன்சர்வேட்டரி, கண்ணாடி போட்ட முன்வாசல் இருந்தால் போதும். வெளிச்சம் நிறைய வேண்டும், சூடு கொஞ்சமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

கையில் எடுத்துப் பாருங்கள்

ஃப்ரீசியா கிழங்கு சின்ன வெங்காயம் அளவுதான் இருக்கும், மேல்பக்கம் கூம்பாக, மேலே நார் பின்னின வலை மாதிரி ஒரு தோல். பொட்டலத்தில் 5/+ என்று போட்டிருந்தால் கிழங்கின் சுற்றளவு 5 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் என்று பொருள். அதைவிடச் சிறியதை வாங்காதீர்கள். விரலால் அழுத்தினால் கல் மாதிரி கெட்டியாக இருக்க வேண்டும். அமுங்கினாலும், பச்சையாகப் பூசணம் பிடித்திருந்தாலும், கையில் எடுத்தால் எடையே இல்லாமல் காய்ந்திருந்தாலும் விட்டுவிடுங்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். சில கிழங்குகளின் தலையில் முளைக்குப் பதிலாக இன்னொரு சிறு கிழங்கு உட்கார்ந்திருக்கும். தூக்கம் சரியாகக் கலையாத கிழங்கைக் குளிர்ச்சியான இடத்தில் நாள்கணக்கில் போட்டு வைத்தால், குறிப்பாக 13 டிகிரியை ஒட்டிய குளிரில், அது இலை விடாமல் தன் சத்தையெல்லாம் எடுத்து மேலே புதுக் கிழங்கு ஒன்றைக் கட்டிக்கொள்ளும். அந்தப் பருவத்தில் அது பூக்காது. வாங்கிய கிழங்கை ஷெட்டிலோ கராஜிலோ மாதக்கணக்கில் போட்டு வைப்பவர்களுக்கு இதுதான் நடக்கிறது. ஆகவே வாங்கினால் ஊன்றுங்கள், ஊன்ற நாளாகும் என்றால் வீட்டுக்குள் சூடான அலமாரியில் வையுங்கள்.

மண்

தண்ணீர் நிற்காத மண், இது ஒன்றுதான் முக்கியம். லண்டனில் பல இடங்களில் தோட்டத்து மண் களிமண், குளிர்காலத்தில் மிதித்தால் ஷூவோடு வரும். அப்படி மண் இருந்தால் தரையில் முயல வேண்டாம், தொட்டிக்கே போய்விடுங்கள், இல்லையென்றால் நன்கு மக்கிய உரமும் பொடிக்கல்லும் கலந்து சற்று மேடான பாத்தி கட்டுங்கள். தொட்டிக்குக் கடையில் விற்கும் சாதாரணத் தொட்டிக் கலவை மூன்று பங்கு, பொடிக்கல் அல்லது கரடான மணல் ஒரு பங்கு.

உரத்தில் ஒரு எச்சரிக்கை. ஃப்ரீசியாவுக்கு ஃப்ளூரைடு ஆகாது. இலை நுனி பழுப்பாகக் கருகி, அந்தக் கருகல் கீழே இறங்கிக்கொண்டே வரும். சூப்பர் பாஸ்பேட்டில் ஃப்ளூரைடு இருக்கும், பெர்லைட்டிலும் கொஞ்சம் உண்டு. ஆகவே ரோஜாவுக்குப் போடுகிறோமே என்று சூப்பர் பாஸ்பேட்டை இதற்கும் அள்ளிப் போடாதீர்கள், வடிகாலுக்குப் பெர்லைட்டுக்குப் பதிலாகப் பொடிக்கல்லே போடுங்கள். மண் புளிப்பாக இருந்தால் இந்தப் பாதிப்பு கூடும், அதனால் கார அமில அளவு 6.5-ஐ ஒட்டி இருப்பது நல்லது.

தொட்டி ஆழமானதாக இருக்கட்டும். வேர்களில் சில தடிமனாக வளர்ந்து பிறகு சுருங்கி, புதுக் கிழங்கைத் தாங்களாகவே மண்ணுக்குள் கீழே இழுத்துக்கொண்டு போகும். ஆழமில்லாத கிண்ணத்தில் அதற்கு இடம் இருக்காது.

வெளியே ஊன்றுவது

தெற்கு இங்கிலாந்து என்றால் ஏப்ரல் நடுவில் ஊன்றுங்கள். முளை மண்ணுக்கு மேலே வர மூன்று நான்கு வாரம் ஆகும், அதற்குள் மே நடுப்பகுதி வந்து உறைபனிப் பயம் ஏறக்குறைய போயிருக்கும். இன்னும் வடக்கே, ஸ்காட்லாந்து பக்கம் இருப்பவர்கள் இரண்டு வாரம் தள்ளி வைத்துக்கொள்ளலாம். ஜூன் வரை தள்ளாதீர்கள். பூ உருவாகத் தொடங்கும்போது மண் குளிர்ந்திருக்க வேண்டும், 12 முதல் 17 டிகிரிக்குள் இருந்தால் அதற்குப் பிடிக்கும். தாமதமாக ஊன்றினால் அந்த நேரம் ஜூலை வெயிலில் போய் மாட்டிக்கொள்ளும்.

ஆழம் 8 செ.மீ., இடைவெளியும் அதே அளவு, கூம்பான பக்கம் மேலே. வரிசையாக வைக்காமல் பத்துப் பதினைந்தைக் கூட்டமாக வைத்தால் ஒன்றுக்கொன்று சாய்ந்து நிற்கும், பார்க்கவும் நன்றாக இருக்கும். காற்றுக்கு மறைவான, வெயில் படும் இடம். தெற்குப் பார்த்த சுவரடியில் வைத்தால் செடிக்கு வெளிச்சம் கிடைக்கும், ஆனால் மண் சூடேறும், எனவே மேலே ஒரு விரற்கடை மரப்பட்டைத் தூளோ இலைமக்கோ மூடாக்காகப் போட்டுவிடுங்கள். வறண்ட வாரங்களில் தண்ணீர் விட மறக்காதீர்கள். வெளித்தோட்டத்துக்கு இவ்வளவுதான் சொல்ல இருக்கிறது.

கிரீன்ஹவுஸில் படிப்படியாக

13 முதல் 15 செ.மீ. அகலத் தொட்டிக்கு ஆறு கிழங்கு. 5 செ.மீ. ஆழத்தில் ஊன்றி ஒரு தடவை நன்றாகத் தண்ணீர் விடுங்கள். அதற்கப்புறம் முளை தெரியும் வரை கை அடங்க வேண்டும், மண்ணின் மேற்பரப்பு காய்ந்தால் மட்டும் லேசாகத் தெளியுங்கள். வேர் விடாத கிழங்கு ஈர மண்ணில் உட்கார்ந்திருந்தால் பூசண அழுகல் வந்துவிடும். எல்லாத் தொட்டியையும் ஒரே நாளில் ஊன்றிவிடாமல், ஆகஸ்ட் கடைசியில் கொஞ்சம், செப்டம்பரில் கொஞ்சம், அக்டோபரில் கொஞ்சம் என்று பிரித்து ஊன்றினால் பூவும் அதே மாதிரி விட்டுவிட்டு வந்துகொண்டே இருக்கும்.

ஊன்றிய தொட்டியை உடனே கிரீன்ஹவுஸுக்குள் வைக்காதீர்கள், இது மிக முக்கியம். ஆகஸ்ட், செப்டம்பரில் உள்ளே 30 டிகிரி சாதாரணமாகப் போகும். தொட்டிகளை வெளியே, அரைநிழலில், வடக்குப் பார்த்த சுவரோரம் வையுங்கள். முளைத்து இலை விசிறி போல் விரியத் தொடங்கட்டும். செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்தில் முதல் உறைபனி வரும் முன் உள்ளே கொண்டு வாருங்கள். அதற்குள் கண்ணாடியை உள்ளும் புறமும் கழுவி வைத்திருந்தால் ரொம்ப நல்லது. இங்கே டிசம்பர் வெளிச்சம் எவ்வளவு குறைவு என்று உங்களுக்குத் தெரியும், அந்தக் கொஞ்சத்தையும் பாசி படிந்த கண்ணாடி தின்றுவிட்டால் இலை வெளிறி நீளும், மொட்டும் கருகி விழும்.

உள்ளே வந்த பிறகு இரவில் 5 டிகிரிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், 7 அல்லது 8 இருந்தால் இன்னும் நல்லது. பகலில் 15-ஐத் தாண்டத் தொடங்கினால் ஜன்னலைத் திறந்துவிடுங்கள். ஆம், ஜனவரியிலும்தான். வெயில் அடித்தால் குளிர்காலத்திலும் கண்ணாடிக்குள் சட்டென்று 20 டிகிரி ஏறிவிடும். ஒரு தெர்மாமீட்டரைச் செடி உயரத்தில் தொங்கவிடுங்கள், மேலே கூரையில் மாட்டினால் அது காட்டுவது கூரையின் கணக்கு. அன்றைய மிகக் குறைந்த அளவையும் மிகக் கூடிய அளவையும் பதிவு செய்து காட்டுகிற வகையாக இருந்தால் உங்களுக்கு விடிகாலையில் எழுந்து போய்ப் பார்க்கும் வேலை மிச்சம். குமிழ் பிளாஸ்டிக் உறையை உள்பக்கமாக ஒட்டினால் சூடு வெளியே போவது குறையும். தானாக அணைந்து எரியும் சிறிய மின் ஹீட்டர் போதும். பாரஃபின் ஹீட்டரை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது ஈரத்தைக் கிளப்பி இலையில் சாம்பல் பூசணத்துக்கு வழி செய்யும், சரியாக எரியாவிட்டால் எத்திலீன் வாயுவும் வரும், ஃப்ரீசியா மொட்டுக்கு எத்திலீன் எமன்.

இந்தக் குளிர் விஷயத்தில் நெதர்லாந்துக்காரர்கள் எவ்வளவு தூரம் போகிறார்கள் தெரியுமா? அங்கே வணிகத்துக்கு வளர்ப்பவர்கள் பாத்தி மண்ணில் குழாய்களைப் பதித்து, அதில் குளிர்ந்த தண்ணீரை ஓடவிட்டு, கோடையிலும் மண்ணைக் குளிர வைக்கிறார்கள். செடியைச் சுற்றிய காற்று கொஞ்சம் சூடாக இருந்தாலும் பரவாயில்லை, வேர் குளிர்ந்திருந்தால் பூ வரும் என்பது அவர்கள் கண்டது. வருடம் முழுவதும் கடையில் ஃப்ரீசியா கிடைப்பது இதனால்தான். நமக்குக் குழாய் எல்லாம் வேண்டாம், தொட்டியைக் குளிர்ந்த கான்கிரீட் தரையிலேயே வைத்துவிடலாம், தட்டுக்கு ஏற்ற வேண்டியதில்லை.

சூடு கூடியது என்பதைப் பூவே உங்களுக்குக் காட்டிக்கொடுக்கும். சரியாக வளர்ந்த ஃப்ரீசியாவில் பூத்தண்டு நேராக ஏறி, முதல் பூவுக்குக் கீழே சட்டென்று படுக்கை வாட்டில் வளையும், பூக்களெல்லாம் அந்த வளைவின் மேல்பக்கத்தில் ஒரே வரிசையில் நெருக்கமாக நிமிர்ந்து நிற்கும். பூ உருவாகத் தொடங்கிய சமயத்தில் சூடு பட்டிருந்தால் முதல் பூ கீழேயே தனியாக நின்றுவிடும், மற்றவை இடைவெளி விட்டு மேலே போகும், அந்த வளைவின் அழகே இருக்காது. அப்படி ஒரு தண்டைப் பார்த்தால் ஒன்றிரண்டு மாதத்துக்கு முன் எந்த வாரம் ஜன்னலைத் திறக்காமல் விட்டீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இலைக்கு நடுவில் பூ வருகிறதா என்று தெரிந்துகொள்ள விசிறியின் அடிப்பக்கத்தைக் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் மெதுவாகப் பிடித்துக் கீழிருந்து மேலே வருடிப் பாருங்கள். தட்டையாகப் போய்க்கொண்டிருக்கும் இலைக்கட்டில் ஓரிடத்தில் சின்னதாக உப்பல் தட்டுப்பட்டால் அதுதான் பூத்தண்டின் தலை. அன்றிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தக்காளிக்குப் போடும் திரவ உரத்தைக் கொடுங்கள், அதில் பொட்டாஷ் கூடுதல். தண்ணீர் காலையில் விடுங்கள், இலை நனையாமல் மண்ணில் விடுங்கள்.

அப்புறம் தாங்கு. ஃப்ரீசியா பொதுவாகத் தானாக நிற்காது. இலை ஒரு சாண் உயரம் வரும்போதே தொட்டியைச் சுற்றி நாலு மெல்லிய குச்சி நட்டு இரண்டு மட்டத்தில் நூல் கட்டிவிடுங்கள், அல்லது கிளைகிளையான சுள்ளிகளை நடுவில் செருகுங்கள். விழுந்த பிறகு தூக்கிக் கட்டினால் தண்டு கோணலாகவே நிற்கும்.

பூ வெட்டுவது

வளைவில் முதல் பூ விரிந்து, அடுத்த இரண்டு மொட்டில் நிறம் தெரியும்போது வெட்டுங்கள். எல்லா மொட்டும் பச்சையாக இருக்கும்போது வெட்டினால் அவை வீட்டில் விரியாது. காலையில், கூரான கத்தியால். முக்கியத் தண்டின் பக்கவாட்டில் சின்னச் சின்ன கிளைகள் கிளம்பியிருக்கும், அவற்றுக்கு மேலே வெட்டுங்கள், அடியோடு வெட்டாதீர்கள். அந்தக் கிளைகள் அடுத்த சில வாரங்களில் இன்னொரு சுற்றுப் பூ தரும். இலையை மட்டும் தொடவே கூடாது, அடுத்த வருடக் கிழங்கைக் கட்டுவது அதுதான்.

தண்ணீரில் வைத்தால் ஒரு வாரத்துக்குக் குறையாமல் நிற்கும். விரிந்து வாடிய பூவைக் கிள்ளிவிட்டுத் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தால் நுனி மொட்டு வரை விரியும். பழத்தட்டுக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம், வாழைப்பழமும் ஆப்பிளும் விடுகிற எத்திலீன் மொட்டைக் கெடுத்துவிடும். சாமி படத்துக்கு முன்னால் பழத்தையும் பூவையும் ஒன்றாக வைக்கிற வீடு நம்முடையது, அங்கே கொஞ்சம் தள்ளி வையுங்கள். வாசத்துக்கு முக்கியக் காரணம் லினலூல் என்ற பொருள். சிலருக்கு ஃப்ரீசியாவின் வாசம் மட்டும் பிறவியிலேயே மூக்கில் ஏறாது, மற்ற எல்லா வாசமும் தெரியும். உங்கள் வீட்டில் யாராவது "இதில் என்ன வாசம் இருக்கிறது" என்று கேட்டால் அவர் பொய் சொல்லவில்லை.

பூத்து முடிந்த பிறகு

பெரும்பாலோர் இந்த இடத்தில் தொட்டியைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள், எனக்கு அதில் வருத்தம்தான். ஆறேழு வாரம் கூடப் பார்த்துக்கொண்டால் மறுபடி பூக்கப் புதுக் கிழங்கு கிடைக்கும், கூடவே குட்டிகளும் கிடைக்கும். பூ முடிந்த பிறகும் தண்ணீரும் தக்காளி உரமும் கொடுத்துக்கொண்டே இருங்கள். இலை நுனி மஞ்சளாகத் தொடங்கியதும் படிப்படியாகத் தண்ணீரைக் குறைத்து, முழுவதும் காய்ந்ததும் நிறுத்திவிடுங்கள். பிறகு தொட்டியைக் கவிழ்த்துக் கொட்டிப் பாருங்கள். நீங்கள் ஊன்றிய கிழங்கு சுருங்கி அடியில் தகடாகக் கிடக்கும், அதன் மேல் புதுக் கிழங்கு உட்கார்ந்திருக்கும், சுற்றிலும் பட்டாணி அளவும் அதற்குச் சிறியதுமாகக் குட்டிகள் ஒட்டியிருக்கும். பழைய தகட்டை விரலால் திருகி எடுத்துவிட்டு, புதியதையும் குட்டிகளையும் பிரித்து, நிழலில் ஓரிரு நாள் உலர்த்துங்கள்.

இனி அதற்குக் கேப் கோடை வேண்டும். வெந்நீர் சிலிண்டர் இருக்கும் அலமாரி உங்கள் வீட்டில் இருந்தால் அதுவே சரியான இடம். கிழங்குகளை வலைப்பையிலோ காகிதப் பையிலோ போட்டுப் பத்து முதல் பதின்மூன்று வாரம் வரை வையுங்கள், பிளாஸ்டிக் பை வேண்டாம். உள்ளே 25 முதல் 30 டிகிரி இருந்தால் நல்லது. ரொம்ப வறண்ட சூடாக இருந்தால் கிழங்கு சுருங்கும், அப்போது பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வையுங்கள். கிழங்கின் அடியில் வேர் கிளம்பும் புள்ளிகள் சிறு மேடுகளாகத் தெரியத் தொடங்கினால் தூக்கம் கலைந்துவிட்டது, ஊன்றலாம். இப்போதெல்லாம் பல வீடுகளில் சிலிண்டரே இல்லை, அப்படியென்றால் காய்ந்த தொட்டியை அப்படியே கிரீன்ஹவுஸில் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் முழுவதும் வெயிலில் போட்டுவிடுங்கள், பகல் சூடு வேலையைப் பாதிக்கு மேல் செய்துவிடும்.

வசந்தத்தில் வாங்கி வெளியே வளர்த்த கிழங்கும் இப்படித்தான். அதை மண்ணிலேயே விட்டால் நம் குளிர்காலம் தாங்காது. இலை காய்ந்ததும் தோண்டி எடுத்து, சூடு காட்டி, அடுத்து கிரீன்ஹவுஸ் வழிக்குத் திருப்பிக்கொள்ளுங்கள். சூடு காட்டாமல் மறு வசந்தம் வெளியே ஊன்றினால் பூக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். குட்டிகளைத் தனித் தொட்டியில் நெருக்கமாக ஊன்றி வளர்த்துக்கொண்டு வாருங்கள், பூக்கும் அளவுக்கு வர ஒன்று இரண்டு வருடம் எடுக்கும்.

விதையும் போடலாம். கருப்பாக, கெட்டியாக இருக்கும், வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்து, 1 செ.மீ. ஆழத்தில், 15 டிகிரியை ஒட்டிய இடத்தில் விதையுங்கள். முளைக்கவே மூன்று நான்கு வாரம் ஆகும். வேரைத் தொட்டால் இதற்குப் பிடிக்காது, எனவே பூக்கப்போகிற தொட்டியிலேயே நேராக விதைத்துவிட வேண்டும்.

என்னென்ன வரும்

பூச்சிகளில் அசுவினிதான் தலைவலி. அது உறிஞ்சுவதைவிட, கொண்டுவந்து சேர்க்கும் வைரஸ்தான் பெரிய ஆபத்து. இலையில் வெளிர்க் கோடுகளும் திட்டுகளும், பூவில் நிறம் உடைந்தது போன்ற கீறல்களும் தெரிந்தால் அந்தச் செடியைக் கிழங்கோடு குப்பையில் போடுங்கள், மருந்து கிடையாது, கம்போஸ்ட் குவியலிலும் போடக் கூடாது. அசுவினியை ஆரம்பத்திலேயே விரலால் நசுக்கியோ தண்ணீர் பீய்ச்சியோ விரட்டுவது நல்லது. இலை ஒரு பக்கமிருந்து மஞ்சளாகி, தோண்டினால் கிழங்கு பழுப்பாக அழுகியிருந்தால் அது ஃபியூசேரியம் பூசணம், அந்த மண்ணையும் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். அதே மண்ணில் அடுத்தடுத்த வருடம் ஃப்ரீசியா வேண்டவே வேண்டாம். பூவிதழில் சாம்பல் புள்ளி விழுந்தால் காற்றோட்டம் போதவில்லை. நத்தைகள் இளம் முளைக்கு வரும், இரவில் டார்ச் எடுத்துப் போய்ப் பொறுக்குவதுதான் எனக்குத் தெரிந்து நம்பகமான வழி. வீட்டில் பூனை இருப்பவர்கள் பயப்பட வேண்டாம், லில்லிதான் பூனைக்கு விஷம், ஃப்ரீசியா அப்படி இல்லை.

வேறு நாடுகளில் இருப்பவர்களுக்கு

மெல்போர்ன், பெர்த் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு மேலே சொன்ன பாடு எதுவும் இல்லை. பெர்த்தில் மழையும் சூடும் கேப் மாதிரியே, மெல்போர்னும் இதற்கு ஒத்துவரும், மார்ச் ஏப்ரலில் தரையில் ஊன்றிவிட்டால் வசந்தத்தில் பூத்து, தானே தூங்கி, மறு வருடம் தானே வரும். அளவுக்கு மீறியே வரும். மேற்கு ஆஸ்திரேலியாவிலும் விக்டோரியாவிலும் காட்டு நிலங்களில் பரவிக் களையாகவே ஆகிவிட்டது. ஆகவே பூ முடிந்ததும் விதைக்காயை வெட்டிவிடுங்கள், மிஞ்சிய கிழங்கைப் புதர்ப் பக்கம் கொட்டாதீர்கள்.

தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, திருச்சி என்றால் சொல்லத் தயக்கமில்லை, வேண்டாம். மார்கழியிலும் மண் போதிய நாள் குளிராது, இலையோடு நின்றுவிடும். கிழங்கு வைத்து வாசப்பூ வேண்டும் என்றால் சம்பங்கி இருக்கிறது, அந்த வெயிலுக்கு அதுவே பொருத்தம். குன்னூர், கொடைக்கானல், ஊட்டியில் நிச்சயம் முயலலாம். ஐப்பசி, கார்த்திகை மழை கிழங்கை அழுக வைக்காமல் இருக்கத் தொட்டியில் ஊன்றிக் கூரைக்கடியில் வைக்க வேண்டும், ஊட்டியில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் உறைபனியிலிருந்து மூட வேண்டும். ஊருக்குப் போகும்போது இங்கிருந்து நாலு கிழங்கைப் பையில் போட்டுக்கொண்டு போகலாமே என்று நினைக்காதீர்கள், தாவரச் சுகாதாரச் சான்றும் இறக்குமதி அனுமதியும் இல்லாமல் இந்தியாவுக்குள் கிழங்கு கொண்டுபோவது விதிகளுக்கு மாறானது. அங்கேயே மலையூர் நர்சரிகளில் கேட்டுப் பாருங்கள், கிடைத்தால் எப்போது தோண்டியெடுத்த கிழங்கு, அதன்பின் எங்கே வைத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.